தெருவும் தேரும்: மதுரை மாநகரின் வாழ்வில் சமயம்



நகர வாழ்விலும் நகரச் சமுதாயத்திலும் சமயத்துக்கு உள்ள இடம் என்பது இன்றைய சொற்பொழிவின் பொருள். பொருள் மிகப் பரந்தது. எல்லா நகரங்களையும் எல்லாச் சமயங்களையும் ஒரு மாலைப் பொழுதில் தொட்டுச் செல்ல முயன்றால் எதுவும் கையில் தங்காது. ஆகவே மதுரை என்னும் ஒரு நகரையும், அந்நகரின் சித்திரைத் திருவிழா என்னும் ஒரு விழாவையும் ஊன்றி நோக்கி, அங்கே சமயம் என்ன வேலை செய்கிறது என்று கேட்பதே இவ்வுரையின் வழி.

நகரம் வளர வளரச் சமயம் தேய்ந்துபோகும் என்னும் கருத்து சமூகவியலில் நெடுங்காலம் செல்வாக்குடன் இருந்தது. ஆலைச் சங்கு ஒலிக்கத் தொடங்கினால் கோயில் மணியைக் கேட்க ஆளிருக்காது என்று அறிஞர் பலர் எண்ணினர். மதுரையிலும் ஆலைச் சங்கு ஒலித்தது, 1892-இல் ஹார்வி மில் தொடங்கப்பட்டது, இரயில் வந்தது, கல்லூரிகள் எழுந்தன, 1866-இல் நகராட்சியான ஊர் 1971-இல் மாநகராட்சியும் ஆயிற்று. கோயில் மணி ஓய்ந்ததா? தேர்வடம் பிடிக்க ஆள் குறைந்ததா? வைகையாற்றில் அழகர் இறங்கும் வைகறையில் கூடும் கூட்டம் சிறுத்ததா? இல்லை; பேருந்தும் இரயிலும் அந்தக் கூட்டத்தைப் பெருக்கவே உதவின.

அப்படியானால் அந்தக் கருத்து எங்கே பிழைத்தது? சமயம் என்றால் நெஞ்சுக்குள் இருக்கும் நம்பிக்கை மட்டுமே என்று கொண்டதில்தான் பிழைத்தது. நகரத்தில் சமயம் முதலில் கண்ணில் படுவது தெருவில். எந்த நாளில் எந்தத் தெரு யாருக்கு உரியது, ஊர்வலம் எங்கே நிற்கும், யார் முதலில் வரவேற்பார், யார் தலையில் பரிவட்டம் ஏறும், எவர் வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும் என்ற உரிமைப் பங்கீடே நகரச் சமயத்தின் நடைமுறை உருவம். நகரச் சமயத்தின் பெருமையும் அந்தப் பங்கீட்டில் இருக்கிறது, அதன் கொடுமையும் அங்கேதான் இருக்கிறது.

முதலில் தெருக்களைப் பார்க்க வேண்டும். மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலை நடுவில் வைத்து, மதிலுக்குள் ஆடி வீதிகள், மதிலை ஒட்டிச் சித்திரை வீதிகள், அடுத்து ஆவணி மூல வீதிகள், அதற்கும் வெளியே மாசி வீதிகள், எல்லாவற்றுக்கும் புறத்தே வெளி வீதிகள் என்று ஒன்றையொன்று சூழ்ந்த சதுரங்களாக விரிவது பழைய மதுரையின் அமைப்பு. வெளி வீதிகள் மட்டும் பிற்காலத்தவை. 1837-இல் ஆட்சியராக இருந்த பிளாக்பர்ன் பழைய கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்தபோது அவை பிறந்தன. அந்தப் பணியில் ஈடுபட்டிருந்த இருவரின் நினைவு பெருமாள் மேஸ்திரி வீதி, மாரட் வீதி என்று இன்றும் பெயர்ப்பலகைகளில் நிற்கிறது. கோட்டையை இடித்த வெள்ளை அதிகாரியும் கோயிலைச் சுற்றிய சதுரத்தைக் கலைக்கவில்லை, மேலும் ஒரு சதுரத்தைச் சேர்த்துவிட்டுப் போனார் என்பது கவனிக்கத் தக்கது.

சித்திரையில் நடக்கும் தேரோட்டம் ஏன் சித்திரை வீதிகளை விட்டுவிட்டு மாசி வீதிகளில் ஓடுகிறது? மாசியில் நடந்துவந்த மீனாட்சி திருக்கல்யாணத்தையும் தேரோட்டத்தையும் சித்திரைக்கு மாற்றியவர் 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் என்று மரபு சொல்கிறது. மாசி அறுவடைக் காலம், பெருந்தேரை இழுக்க ஆள் கிடைப்பது அரிது என்பது ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. அழகர்கோயிலிலிருந்து புறப்பட்டுத் தேனூரை நாடிச் சென்றுகொண்டிருந்த கள்ளழகரின் பயணம் மதுரை வழியாகத் திருப்பப்பட்டு, சைவ விழாவும் வைணவ விழாவும் ஒரே வாரத்தில் அடுத்தடுத்து வரும்படி பிணைக்கப்பட்டதும் அப்போதுதான் என்பர்.

ஒரு மன்னன் விழா நாளை மாற்றுவது வெறும் பக்திச் செயலா? நகரத்துச் சைவர்களும் வணிகர்களும் ஒரு புறம், அழகர்மலையைச் சூழ்ந்த கள்ளர், இடையர், பள்ளர், வலையர் முதலிய நாட்டுப்புற மக்கள் மறுபுறம் என்று பிரிந்து கிடந்த இரு உலகங்கள், ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஒரே ஆற்றங்கரையில் தோளோடு தோள் உரசி நிற்க அந்த மாற்றம் வழிசெய்தது. தொ. பரமசிவன் தம் ‘அழகர் கோயில்’ ஆய்வில் இச்சாதியாருக்கும் அக்கோயிலுக்கும் உள்ள உறவைத் தனித்தனியே ஆராய்ந்து காட்டியிருப்பதைப் படிப்போர்க்கு, இவ்விழாவை நகரம் நாட்டுப்புறத்தோடு செய்துகொண்ட ஓர் உடன்படிக்கை என்றே கருதத் தோன்றும். மக்கள் அந்த உடன்படிக்கைக்கு ஒரு கதையும் கட்டினர். தங்கை மீனாட்சியின் திருமணத்துக்குச் சீர் கொண்டுவந்த அண்ணன் அழகர், தாலிகட்டு முடிந்துவிட்ட செய்தி கேட்டு, ஆற்றோடு சினந்து திரும்புகிறார். இரு விழாக்களும் வெவ்வேறு நாட்களில் நடக்கும் முரணை, வீட்டுக்கு வீடு காணும் அண்ணன் தங்கை மனத்தாங்கலாக மாற்றிவிட்ட அந்தக் கற்பனை, எந்த அரசாணையாலும் செய்ய முடியாத வேலையைச் செய்தது.

இனி, விழாவின் உயிர்நாடிக்கு வருவோம். அது மண்டகப்படி. சுவாமி புறப்பாட்டின்போது வழியில் ஒரு மண்டபத்திலோ பந்தலிலோ சுவாமியை எழுந்தருளச் செய்து, பூசையும் படையலும் நடத்தி, வந்தவர்க்கெல்லாம் உணவோ நீர்மோரோ வழங்கும் உரிமைக்கும் கடமைக்கும் மண்டகப்படி என்று பெயர். அழகர் மலையிலிருந்து இறங்கி, வழியெல்லாம் தங்கி, மூன்றுமாவடி, தல்லாகுளம் வந்து எதிர்சேவை ஏற்று, ஆண்டாள் சூடிய மாலையை அணிந்து, தங்கக் குதிரையில் ஆற்றில் இறங்கி, வண்டியூர் சென்று, தேனூர் மண்டபத்தில் மண்டூக முனிவருக்குச் சாபம் தீர்த்து, இராமராயர் மண்டபத்தில் விடியவிடியத் தசாவதாரக் கோலம் காட்டி, பூப்பல்லக்கில் மலைக்குத் திரும்பும் வரை 400-க்கும் மேற்பட்ட மண்டகப்படிகள் அவரை எதிர்கொள்கின்றன.

சில மண்டகப்படிகள் கல்மண்டபங்கள். பல, மூங்கில் ஊன்றித் தென்னங்கீற்று வேய்ந்து ஒரு நாள் மட்டும் நிற்கும் பந்தல்கள். சில ஒரு குடும்பத்தின் சொத்து; சில ஒரு சாதியாரின் பொதுவுரிமை; சில கடைவீதிச் சங்கத்தார் சேர்ந்து நடத்துபவை. சுவாமி ஒரு பந்தலில் நிற்பது சில நிமிடங்களே. ஆயினும் அந்தச் சில நிமிடங்களுக்காக ஆண்டு முழுவதும் சீட்டுப் பிடித்துப் பணம் சேர்த்து, அரிசியும் பருப்பும் வாங்கி, உறவினரை அழைத்துக் காத்திருக்கும் குடும்பங்கள் எத்தனை! தங்கள் வாசலில் சுவாமி நின்றார் என்பதே அந்தத் தெருவில் அக்குடும்பத்துக்குள்ள மதிப்பின் சான்று. பணம் படைத்தவர் நகரில் வீடு வாங்கலாம், கடை வைக்கலாம். ஆனால் அந்த ஊரார் ஆகிவிட்டார் என்பதற்கு இத்தகைய ஏற்பு வேண்டியிருக்கிறது. பிழைப்புத் தேடி வந்தவரை ஊர்க்காரராக்கும் வேலையை நகராட்சிப் பதிவேடு செய்வதைவிட நன்றாக மண்டகப்படி செய்துவந்திருக்கிறது.

ஆற்றங்கரையில் நிற்போரைச் சற்று நெருங்கிப் பார்த்தால் இன்னொன்று விளங்கும். சிறு செம்பில் நாட்டுச் சர்க்கரையை நிரப்பி, வாயை வாழையிலையால் மூடிக் கட்டி, அதன்மேல் சூடம் ஏற்றி இரு கையாலும் உயர்த்திக் காட்டும் பெண்கள் ஒரு பக்கம். தலையில் உருமால், இடையில் சல்லடம், தோளில் ஆட்டுத்தோல் பை என்று கருப்பணசாமி வேடம் பூண்டு, பையின் வாயில் பொருத்திய குழலால் அழகர்மீது தண்ணீர் பீய்ச்சும் ஆண்கள் மறுபக்கம். அண்மைக் காலத்தில் சிலர் உயரழுத்தப் பம்புகளைக் கொண்டுவந்து பீய்ச்சத் தொடங்கவே, சிலைக்கும் வாகனத்துக்கும் பட்டருக்கும் கேடு வரும் என்று நிர்வாகம் அவற்றைத் தடைசெய்தது. பம்பு பிடிப்பவர் ஒருவரே நூறு பேரின் முறையைப் பறித்துக்கொள்கிறார் என்ற காரணமும் சேர்த்துச் சொல்லப்பட்டிருக்கலாம்.

அந்தச் சல்லடத்தையும் உருமாலையும் தைப்பவர் யார்? கோயிலின் கீழைக் கோபுரத்துக்கு எதிரே திருமலை நாயக்கர் எழுப்பிய புதுமண்டபத்தில், சிற்பத் தூண்களுக்கு நடுவே தையல் இயந்திரம் போட்டு அமர்ந்திருந்த தையற்காரருள் இசுலாமியர் பலர். கருப்பணசாமி வேடத்துக்கான உடைகளையும், சுவாமிக்குச் சாத்தும் குடை, தொம்பை முதலியவற்றையும் தலைமுறை தலைமுறையாகத் தைத்தவர்கள் அவர்கள். அண்மையில் மண்டபத்தைச் சீர்செய்வதற்காகக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றப்பட்டபோது அவர்களின் தொழிலும் இடம்பெயர்ந்தது. சமய நல்லிணக்கம் என்று மேடையில் முழங்கப்படுவது, அங்கே அளவு நாடாவும் கத்தரியுமாக, கூலி பேசி, நாள் தவறாமல் நடந்துவந்திருக்கிறது. பங்குனி முடிவதற்குள் துணி தைத்துக் கொடுத்தாக வேண்டும் என்ற நெருக்கடியில் தைப்பவரின் தொழுகையையும் உடுப்பவரின் விரதத்தையும் பற்றி யாரும் விவாதிப்பதில்லை. விழாவின் கதையிலும் இந்த நல்லிணக்கத்துக்கு இடம் உண்டு. வண்டியூரில் அழகர் துலுக்க நாச்சியார் வீட்டில் தங்குகிறார் என்று மக்கள் சொல்லிவருகின்றனர். அவர் இறங்கும் ஆற்றின் வடகரைக்கு அருகிலேயே கோரிப்பாளையம் தர்கா இருக்கிறது.

கிறித்தவத்தின் பங்கு வேறு வகையானது. 1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி காவி உடுத்தித் தமிழும் வடமொழியும் கற்றுச் சமயம் பரப்பினார். 1834-இல் வந்த அமெரிக்க மதுரை மிஷனார் பள்ளிகளையும் மருத்துவமனையையும் நிறுவினர். அமெரிக்கன் கல்லூரியும் லேடி டோக் கல்லூரியும் அந்த மரபில் வந்தவை. ஆண்டுக்கு ஒரு நாள் தெருவை நிறைக்கும் சமயம் ஒன்று, அன்றாடம் வகுப்பறையை நிறைக்கும் சமயம் மற்றொன்று. இன்று எல்லாச் சமயத்தாரும் கல்லூரி நடத்துகின்றனர், எல்லாச் சமயத்தாரும் தெருவிலும் ஊர்வலம் செல்கின்றனர். நகரம் ஒரு சமயத்தின் பழக்கத்தை மற்றொன்றுக்குக் கற்றுக்கொடுத்துவிடுகிறது.

இதுவரை சொல்லப்பட்டது விழாவின் ஒளிமுகம். இதே விழா, இதே கோயில், இதே தெரு, இதே முதல் மரியாதை ஆகியவற்றின் மறுபக்கம் என்ன? யாரெல்லாம் வரவேற்கலாம் என்று வகுக்கும் முறை, யாரெல்லாம் வரக்கூடாது என்றும் வகுத்தது. தேர்வடம் பிடிக்கக் கைகள் தேவைப்பட்டன; அந்தக் கைகளுக்குரியவர் பலர் கோயில் வாசலுக்குள் நுழைய முடியவில்லை. 1897-இல் கமுதிக் கோயிலுக்குள் நாடார் சமூகத்தார் நுழைந்தபோது, கோயிலின் பொறுப்பிலிருந்த இராமநாதபுரம் அரசர் வழக்குத் தொடுத்தார். 1908-இல் இலண்டன் பிரிவி கவுன்சிலும் நாடார்களுக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. வழக்கம் என்ற ஒற்றைச் சொல்லின்முன் ஆங்கிலேயச் சட்டமும் பணிந்து நின்றது.

1939 சூலை 8 அன்று அந்த வழக்கம் மதுரையில் உடைந்தது. வழக்கறிஞர் அ. வைத்தியநாத ஐயர், ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்த தோழர்களையும் நாடார் சமூகத்தைச் சேர்ந்த ஒருவரையும் அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் சென்றார். அவர்களுள் ஒருவர், பின்னாளில் அமைச்சராகி எளிமைக்குப் பெயர்பெற்ற பி. கக்கன். கோயில் நிர்வாக அதிகாரியாக இருந்த ஆர். எஸ். நாயுடு அவர்களைத் தடுக்காமல் வரவேற்றார். எதிர்ப்பு எழுந்தது, அர்ச்சகருள் ஒரு சாரார் பூசைக்கு வர மறுத்தனர். இராஜாஜி தலைமையிலான அமைச்சரவை, நுழைந்தோர்க்கும் நுழையவிட்டோர்க்கும் சட்டப் பாதுகாப்பு அளித்தது. 1947-இல் மாகாணக் கோயில்கள் அனைத்தையும் திறக்கும் சட்டம் வந்தது. எல்லாரும் செல்ல முடியாத கோயிலுக்குள் செல்வதில்லை என்றிருந்த காந்தியடிகள் 1946-இல் மீனாட்சி சந்நிதிக்கு வந்தார்.

கோயில் நுழைவை ஆன்மிகச் சீர்திருத்தம் என்று மட்டும் எழுதுவது வழக்கம். உண்மையில் அது நகரவுரிமைப் போராட்டம். கோயிலுக்குள் செல்ல முடியாதவர் ஆடி வீதியில் நடக்க முடியாது. கோயிலைச் சுற்றியே கடைவீதியும் சத்திரமும் குளமும் அமைந்த நகரில், அந்தத் தடை வழிபாட்டோடு நிற்காமல் வாழ்க்கை முழுவதிலும் பரவியிருந்தது. சமயத்தை விட்டு விலகிச் சமத்துவம் காண்பது ஒரு வழி. பெரியார் இயக்கம் அதைக் காட்டியது. சமயத்தின் வாசலிலேயே நின்று சமத்துவம் கேட்பது இன்னொரு வழி. மதுரையில் இரண்டும் ஒன்றையொன்று திட்டிக்கொண்டே ஒன்றுக்கொன்று உதவின.

அரசுக்கு இதில் என்ன வேலை என்று கேட்போர் உண்டு. அரசு ஒரு காலத்திலும் ஒதுங்கி நின்றதில்லை என்பதே வரலாறு. நாயக்கர் நாளை மாற்றினார். கிழக்கிந்தியக் கம்பெனி 1817-ஆம் ஆண்டு ஒழுங்குவிதியின் வழியே கோயில் சொத்துகளைக் கண்காணித்தது. மதுரை ஆட்சியர் ரௌஸ் பீட்டர் மீனாட்சிக்கு மணிகள் பதித்த மிதியடி செய்தளித்து, மக்களால் பீட்டர் பாண்டியன் என்றே அழைக்கப்பட்டார். இந்துக் கோயில்களில் கம்பெனிக்கு என்ன வேலை என்று பாதிரிமார் கண்டனம் எழுப்பவே, 1863-இல் அரசு விலகிக்கொண்டது; விலகியதன் பயனாகத் தனியார் கைகளில் சொத்துகள் கரைவதைக் கண்டு 1920-களில் அறநிலைய வாரியம் பிறந்தது; 1959-ஆம் ஆண்டுச் சட்டம் இன்று நடைமுறையில் உள்ளது. இன்று அழகர் இறங்கும் நாளில் ஆற்றில் நீர் வேண்டுமென்றால், 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணையின் மதகை நீர்வளத் துறையார் திறந்துவிட வேண்டும். விழாவுக்கு முன் மாநகராட்சி ஆகாயத்தாமரையை அகற்றுகிறது, காவல்துறை பாதையை வகுக்கிறது, மின்வாரியம் கம்பிகளைச் சரிபார்க்கிறது. ஓர் ஊரின் அத்தனை துறைகளும் ஒரே நாளுக்காக ஒன்றுகூடி வேலை செய்யும் அதிசயத்தைச் சமயம் நிகழ்த்திக் காட்டுகிறது. எஞ்சிய நாட்களில் அதே ஆற்றில் சாக்கடை கலப்பது மட்டும் எந்தத் துறையின் கண்ணிலும் படுவதில்லை.

கூட்டத்தின் ஆற்றலைப் போலவே அதன் ஆபத்தையும் மறைக்கக் கூடாது. தொற்றுநோயால் 2020-இலும் 2021-இலும் விழா கோயில் வளாகத்துக்குள் சுருங்கியது. ஈராண்டு காத்திருந்த மக்கள் 2022-இல் திரண்டபோது, ஆற்றங்கரை நெரிசலில் இருவர் உயிரிழந்தனர். ஆற்றின் இருகரையும் சாலைகளாலும் சுவர்களாலும் குறுகிவிட்ட பிறகு, பழைய அகலத்துக்கேற்ற கூட்டத்தைப் புதிய ஒடுக்கத்தில் நிறுத்துவது எப்படி? இதற்கு விடை காணவேண்டியது பொறியாளர்; பக்தியின்மீது பழிபோடுவதும் விதியின்மீது பழிபோடுவதும் ஒரே வகைச் சோம்பல்.

இதைவிட ஆழமான ஆபத்து திருப்பரங்குன்றத்தில் வெளிப்பட்டது. மீனாட்சி திருக்கல்யாணத்துக்கு ஆண்டுதோறும் முருகனும் பவளக்கனிவாய்ப் பெருமாளும் புறப்பட்டு வரும் தலம் அது. அடிவாரத்தில் முருகன் குடைவரை, உச்சியில் சிக்கந்தர் தர்கா. மலையின் எந்தப் பகுதி யாருக்குரியது என்ற வழக்கு 1931-இல் பிரிவி கவுன்சில் வரை சென்று முடிந்தது. தீர்ப்பு வந்த பிறகும் அடிவாரத்து மக்கள் நெடுங்காலம் அவரவர் முறையில் மலையேறிவந்தனர். 2025 பிப்ரவரியில் அதே மலை மாவட்டம் முழுவதற்கும் தடையுத்தரவு போடும் அளவுக்குக் கொந்தளித்தது. இந்த இரண்டு நிலைகளுக்கும் இடையே மாறியது என்ன? மலை மாறவில்லை, தீர்ப்பும் மாறவில்லை. பக்கத்துவீட்டாருக்குள் பேசித் தீர்ந்த முறை, ஊருக்கு வெளியேயிருந்து திரட்டப்படும் கூட்டங்களின் வெற்றி தோல்வியாக மாறியது. மண்டகப்படியில் அடுத்த பந்தல் போட்டிக்காரருடையதே ஆனாலும் சுவாமி அங்கேயும் நின்றாக வேண்டும் என்பது விதி. தன் முறை முடிந்தால் ஒதுங்கி வழிவிட வேண்டும். நகரச் சமயத்தின் இந்த அடிப்படை நாகரிகம், உரிமை முழுவதும் ஒருவருக்கே என்று கோரப்படும் இடத்தில் முதல் பலியாகிறது.

மீண்டும் மண்டகப்படிக்கே வருவோம். அதன் பட்டியல் பக்திப் பட்டியலாக மட்டும் இருந்ததில்லை. எந்தக் காலத்தில் எந்தச் சமூகத்தார் ஊராரால் ஏற்கப்பட்டனர் என்பதற்கு அது ஆவணம். வாணிகத்தால் உயர்ந்தோர் அதில் இடம் பெற்றனர், சங்கம் கண்டோர் இடம் பெற்றனர், புதிதாகக் குடியேறிய பகுதியினரும் கேட்டுப் பெற்றனர். அழகர் மலை திரும்பிய மறுநாள் விடியலில், மாசி வீதியிலும் ஆற்று மணலிலும் குவிந்து கிடக்கும் இலையையும் குவளையையும் அள்ளுகின்ற மாநகராட்சித் துப்புரவுத் தொழிலாளர்கள், பெரும்பாலும் 1939-இல் யாருக்காகக் கதவு திறந்ததோ அந்த வகுப்புகளின் வழிவந்தவர்கள். அவர்கள் தங்கள் பெயரில் ஒரு பந்தல் கேட்டு வரும்போது, வரிசையில் எத்தனையாவது இடம் கொடுப்பது என்று முடிவு செய்யவேண்டிய பொறுப்பு மதுரையின் கோயில் நிர்வாகத்துக்கும், மண்டகப்படிதாரர்களுக்கும், இந்த அவையில் இருப்போர் போன்ற நகரத்தாருக்கும் காத்திருக்கிறது.